ஒன்பது அடி

ஆம்பூருக்கு மேற்கே பாலாறு ஒரு கரும்பாறையில் முட்டித் திரும்பும் இடத்தில் ஒரு மடு இருந்தது. இப்போதும் இருக்கிறது, யாரும் இறங்குவதில்லை. வருஷத்தில் ஒன்பது மாதம் ஆறு வெறும் மணலாகக் கிடந்தாலும் மடுவில் மட்டும் பங்குனி முடியும்வரை தண்ணீர் நிற்கும். அதில் என் மனைவியின் அண்ணன் ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்தார். தானாகவே உயிரை விட்டார் என்று எங்கள் வேதக்கோயில் பங்கில் முடிவு செய்தார்கள். அப்படி முடிவு செய்ய அவர்களுக்குக் கிடைத்த பெரிய அத்தாட்சி, அன்று காலை நான் அளந்து எழுதியிருந்த ஓர் எண். அதனால் அவரைக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். ஏழு மாதம் முன்பு இறந்துபோன அவருடைய மனைவி மதிலுக்கு உள்ளே இருக்கிறாள். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் அப்போது ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. வண்டியில் ஏறும் தோல் கட்டுகளை நிறுத்து, எடையை எழுதி, சீட்டு ஒட்டுவது வேலை. இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை, காற்று, எந்த வண்டி எவ்வளவு தாமதம், வீட்டில் யாருக்கு என்ன உடம்பு எல்லாம் அதில் இருக்கும். என் மச்சான் ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார். என்னைவிட நாலு வயது மூத்தவர். பேதி வந்து தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் போன பிறகு, தங்கையை அவர்தான் வளர்த்தார். சமைத்துப் போட்டார், தலை பின்னிவிட்டார், கடைசியில் எனக்குக் கட்டிக்கொடுத்தார். மற்றவர்கள் ‘எங்க அம்மா’ என்று சொல்லும் குரலில் என் மனைவி ‘எங்க அண்ணன்’ என்பாள்.

கல்யாணமான புதிதில் அவர்தான் என்னை மடுவுக்கு அழைத்துப் போனார். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்கும். பாறையில் நின்று பார்த்தால் அடியில் மணல் அலை அலையாகத் தெரியும், மீன் போனால் அதன் நிழல் மணலில் கூடவே போகும். அங்கே நீந்த வருபவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பாறையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, அடிமணலை ஒரு பிடி அள்ளிவந்து பாறைமேல் வைக்க வேண்டும். வெறுங்கையோடு வருபவன் அன்றைக்கு எல்லாருடைய துணியையும் பிழிந்து காயப்போட வேண்டும். மச்சான் இரண்டு கையிலும் மணலோடு வருவார். அவசரப்படாமல், எல்லாரும் மறந்துபோன நேரத்தில் வருவார். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் கலாசி ஒருவன் எங்களோடு வருவான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

“இன்னா வாத்தியாரே, உள்ளாற பள்ளிக்கூடம் வெச்சி நடத்திட்டு வர்றியா? இம்மா நேரம்?”

“ஆமாண்டா. எல்லாரும் வந்துட்டானுங்க. நீ ஒருத்தன்தான் ஆப்சென்ட்டு.”

அவர் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார் என்று நான் எண்ணுவேன். அறுபதுக்குக் குறைந்ததில்லை. எழுபத்திரண்டு வரை போயிருக்கிறார். அதுவும் நாட்குறிப்பில் இருக்கிறது.

ஜெர்மன் சண்டை வந்தது. பட்டாளத்துக்குப் பூட்ஸ் தோல் எவ்வளவு கிடைத்தாலும் போதவில்லை. மடுவுக்கு அரை மைல் மேலே இருந்த தோல் ஷாப்பு மூன்று பங்காகப் பெருத்தது. முன்பு அதன் கழிவு ஷாப்புக்குப் பின்னாலேயே ஒரு பள்ளத்தில் தேங்கி வற்றிவிடும். இப்போது பள்ளம் போதாமல் ஆற்றுக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டைச் சாறு, வேலை முடிந்ததும் அதன் வழியாக வந்தது. அதற்கு முன், தோலின் மயிரை உதிர்க்க அதைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைப்பார்கள். அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரும் வந்தது. முதல் வருஷம் மடு கஷாய நிறமானது. அடுத்த வருஷம் கருத்தது. முழங்காலளவு தண்ணீரில் நின்றால் என் பாதம் எனக்குத் தெரியவில்லை.

ஜனங்கள் போவதை நிறுத்தவில்லை. ஆவாரம்பட்டை மருந்து என்பது எல்லாருக்கும் தெரியும். “பட்டைத் தண்ணி. சொறி சிரங்கு கிட்ட வராது” என்று சொல்லி, முன்பு வராதவர்கள்கூட வந்து குளித்தார்கள். சாயங்காலம் கண் சிவந்து எரிந்தால் வெயில் என்றார்கள். நானும் நம்பினேன். எனக்குக் கழுத்தில் இருந்த படை அந்த வருஷம் குறைந்தது என்று எழுதிவைத்திருக்கிறேன்.

சண்டை முடிந்த பிறகு ஒரு மாசியில் கலாசி பாறையிலிருந்து பாய்ந்தான். மழை குறைவான வருஷம்; தண்ணீர் வற்றியிருந்தது மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை. நெற்றி மணலில் மோதி, புருவத்துக்கு மேல் இரண்டு அங்குலம் கிழிந்தது. பிழைத்துக்கொண்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் யோசித்தேன். கண்ணுக்குத் தெரியாவிட்டால் அளந்து பார்க்க வேண்டும். கூட்ஸ் ஷெட்டில் நாங்கள் செய்வது அதைத்தானே.

பதினாலு அடியில் நேரான மூங்கில் ஒன்று வாங்கினேன். அடிக்கு ஒரு வெட்டு, அரை அடிக்குச் சின்ன வெட்டு. வெறும் மூங்கில் நுனி நாளடைவில் தேய்ந்து கணக்குத் தவறிவிடும். மழைக்காலத்து அடியோட்டத்தில் ஒரு பக்கமாக நகரவும் செய்யும். அதனால் கொல்லனிடம் சொல்லி நுனிக்குக் கூரான இரும்புப் பூண் போட்டேன். அது மணலில் ஊன்றி ஆடாமல் நிற்கும். ஒவ்வொரு காலையும் பாறையின் நேர்கீழே அளந்து, வந்த எண்ணைச் சுண்ணாம்பால் பாறையில் எழுதிவைப்பேன்.

மச்சான் அந்தக் கோலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாடு குதிரைக்குத்தான் லாடம் அடிப்பாங்க. நீ மூங்கிலுக்கு அடிச்சிருக்கியே மாப்ளே.”

“தேயக்கூடாதுல்ல மச்சான்.”

“ஒன்றரை ஆள் ஆழம்னா எங்களுக்குப் புரியாதா?”

“எந்த ஆள்? கலாசியா, நீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். கலாசியைவிட அவர் ஒரு சாண் உயரம். அதன்பின் யாரும் ஆள் கணக்குப் பேசவில்லை. பாறைக்கு வந்தவன் முதலில் எண்ணைப் பார்ப்பான். ஏழுக்கு மேல் இருந்தால் பாய்வான். இல்லாவிட்டால் கரையிலிருந்து இறங்குவான். மூன்று வருஷம் யாருக்கும் ஒரு காயம்கூட இல்லை. எனக்கு அதில் இருந்த பெருமையை இங்கே மறைக்க விரும்பவில்லை.

பிறகு ஓர் ஆடி மாதம் மச்சானின் மனைவி பிரசவத்தில் இறந்தாள். குழந்தையும் தங்கவில்லை. மச்சான் பள்ளிக்கூடம் போவார், வருவார், எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். மடுவுக்கு வரவில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, “நானும் அவ கூடவே போயிருக்கலாம்” என்றார். பக்கத்தில் கோயில் உபதேசியார் நின்றிருந்தார். அந்த நிலையில் யாரும் சொல்லக்கூடிய பேச்சு. நான் அதை நாட்குறிப்பில்கூட எழுதவில்லை. உபதேசியார் மனதில் எழுதிக்கொண்டார்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு மடு நிறைந்தது. ஆனால் நாற்றம் முன்பைவிட ஜாஸ்தி. ஷாப்பில் சுண்ணாம்புக் குழிகளின் அடியில் தங்கும் வண்டலையும் கால்வாயில் தள்ளத் தொடங்கியிருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது. தலையை நனைக்க எல்லாருக்கும் அருவருப்பாக இருந்தது. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு அக்கரை போய் இக்கரை வருவோம். பாறையிலிருந்து யாரும் பாயவில்லை, மணல் எடுக்கவில்லை. ஐப்பசியிலிருந்து மாசிவரை மடுவின் அடியைத் தொட்டது என் கோல் ஒன்றுதான்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்ததும் மச்சான் என் தோளில் கை வைத்தார்.

“மாப்ளே, மடுவுக்குப் போலாமா?”

ஏழு மாதம் கழித்து அவராகக் கேட்டது அதுதான் முதல். என் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்று வீட்டில் கறி எடுத்திருந்தோம். தவக்காலம் தொடங்கினால் நாற்பது நாள் கறி கிடையாது.

“சீக்கிரம் வந்துடு அண்ணா. குழம்பு ஆறிடும்.”

“நல்லி எலும்பை எனக்கு எடுத்து வை. இவன் கண்ல படாத எடத்துல வை,” என்று என்னைக் காட்டினார்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மறுநாளிலிருந்து நாலாம் வகுப்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். கலாசி முன்னாலேயே வந்து தண்ணீரில் கிடந்தான்.

“வா வாத்தியாரே! உன்னப் பாத்து மீனெல்லாம் ஊர விட்டே ஓடிப்போச்சி.”

“மீனு உன் நாத்தத்துக்கு ஓடியிருக்கும். மாப்ளே, எத்தினி அடி?”

பாறையில் எழுதியிருந்தது. ஆனாலும் கேட்டார். “ஒன்பது” என்றேன். விடியற்காலையில் நானே அளந்தது. ஒன்பது அடி, கால் அங்குலம்கூடக் குறையவில்லை.

“அப்ப மணல் எடுத்துட்டு வர்றேன். நீங்க ரெண்டு பேரும் துணி பிழிய ரெடியா இருங்க.”

கைகளை நீட்டி, உடம்பை நேராக்கி, அவருக்கே உரிய முறையில் பாய்ந்தார். தண்ணீர் அதிகம் தெறிக்கவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். இருபதில் ஒருமுறை தண்ணீர் கலங்கிக் குமிழிகள் வந்தன. மணல் அள்ளுகிறார் என்று நினைத்தேன். நாற்பது. அறுபது. கலாசி ஏதோ கேலி பேசிக்கொண்டிருந்தான். எழுபத்திரண்டு அவருடைய உச்சம் என்பதால் எழுபத்திரண்டு வரை நான் அசையவில்லை. எழுபத்தைந்தில் கத்தினேன்.

இரண்டு பேரும் முங்கினோம். கண்ணைத் திறந்தால் எரிந்தது. திறந்தும் ஒன்றும் தெரியவில்லை. என் கையை என் முகத்துக்கு முன்னால் வைத்தும் தெரியவில்லை. கைபோன திசையெல்லாம் துழாவினேன். மூச்சுக்கு மேலே வந்து, மறுபடி முங்கி, மறுபடி வந்தேன். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ கலாசிக்கு ஒரு கால் அகப்பட்டது. இழுத்தபோது லேசில் வரவில்லை. வந்தபோது உயிர் இல்லை. தெளிந்த தண்ணீராக இருந்திருந்தால் பாறையில் நின்றே அவரைப் பார்த்திருப்பேன். பத்து எண்ணுவதற்குள் எடுத்திருப்போம்.

உடலைக் கழுவியது நான். மூக்கிலும் காதிலும் வாயிலும் சாம்பல் நிறத்தில் பசைபோல அடைத்திருந்தது. அதில் குட்டை குட்டையாக மயிர் ஒட்டியிருந்தது. விரலில் துணியைச் சுற்றி எடுத்தேன். அன்றைய குறிப்பில் ‘மூக்கு, வாய், காதுகளில் சேறு’ என்று எழுதியிருக்கிறேன். அடியில் மணல்தானே, சேறு எப்படி வந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பார்த்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

கிராம முன்சீப் வந்து, குளிக்கும்போது மூழ்கி இறந்தார் என்று எழுதிக்கொண்டு போனார். கல்லறைக் குழி வெட்ட ஆள் அனுப்பினோம். அதற்குள் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உபதேசியார் அவர் பக்கத்தில் நின்றார். சாமியார் கெட்ட மனுஷர் இல்லை. சாகக் கிடந்த மச்சானின் மனைவிக்கு அவஸ்தை எண்ணெய் பூச மழையில் நடந்து வந்தவர்.

“அவர் நன்றாக நீந்துவாரா?” என்று கேட்டார்.

“எங்க எல்லாரையும்விட நல்லா நீந்துவார் சாமி.”

“வலிப்பு, மயக்கம், இப்படி ஏதாவது உண்டா?”

“இல்ல சாமி.”

“உடம்பில் அடிபட்ட காயம்?”

“ஒரு கீறல்கூட இல்ல.”

“தண்ணீர் எவ்வளவு ஆழம்?”

“ஒன்பது அடி.”

“நிச்சயமாகத் தெரியுமா?”

“காலையில நானே அளந்தேன் சாமி. நோட்டுல இருக்கு.”

அவர் மேசைமேல் இருந்த பங்குப் புத்தகத்தை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஒன்பது அடி, ஓட்டமில்லாத தண்ணீர். தலை தரையில் மோத வழியில்லை. வலிப்பில்லை, காயமில்லை. அவ்வளவு நன்றாக நீந்துகிறவர் மேலே வர மனமிருந்தால் வந்திருப்பார். அவர் முன்பே அப்படிப் பேசியதையும் கேட்டவர் இருக்கிறார்.”

என் மனைவி வெளியே நின்றிருந்தாள். உள்ளே வந்தாள்.

“சாவப் போறவன் நல்லி எலும்ப எடுத்து வைக்கச் சொல்வானா சாமி?”

சாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. இருந்தாலும் முடிவு மாறவில்லை. மதிலுக்குள் மந்திரித்த மண்ணில் இடமில்லை. பூசை இல்லை, மணி இல்லை. மதிலுக்கு வெளியே, வேலிகாத்தான் முளைத்த மேட்டில், சாயங்காலம் ஐந்தே காலுக்கு நானும் கலாசியும் இன்னும் மூன்று பேரும் அவரை இறக்கினோம். மதிலின் அந்தப் பக்கத்தில் அவர் மனைவியின் சிலுவையின் தலைப்பகுதி மட்டும் தெரிந்தது. நல்லி எலும்பு மூன்று நாள் அடுக்களையில் மூடிய சட்டியிலேயே இருந்தது. அதை எடுத்து வெளியே போட எங்கள் இருவருக்கும் கை வரவில்லை.

மடுவுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். நான் அளப்பதை நிறுத்தவில்லை. இனி ஒருவருக்கும் எதுவும் ஆகக்கூடாது என்பது காரணமென்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில், நிறுத்தினால் என் கணக்கில் ஏதோ தவறு இருந்ததாக ஆகிவிடும்.

சித்திரை பிறந்தது. தண்ணீர் மளமளவென்று இறங்கியது. ஒரு காலை அளந்தேன்: மூன்று அடி. பாறையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். மடுவில், நான் கோலை ஊன்றிய இடத்துக்கு இரண்டு கஜம் தள்ளி, ஒரு கொக்கு வந்து இறங்கியது. இறங்கி நின்றது. நடந்தது.

மூன்று அடி தண்ணீரில் கொக்கு நிற்காது.

அதன் கணுக்கால்கூட முழுதும் நனையவில்லை. ஒவ்வோர் அடியும் எடுத்து வைக்கும்போது கால் கொஞ்சம் புதைந்து, சாம்பல் நிறப் பசையோடு வெளியே வந்தது. நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று குறிப்பில் இல்லை. அன்று வேலைக்கு முதல்முறையாகத் தாமதமாகப் போனேன்.

அன்று சாயங்காலமே கோலின் நுனியிலிருந்த பூணைக் கழற்றிவிட்டு, ஒரு பானை மூடி அளவுக்கு வட்டப் பலகை ஒன்றை ஆணியடித்தேன். மறுநாள் அதை இறக்கினேன். மூன்று அங்குலத்தில் பலகை நின்றது. பிறகு அதே பூணைப் போட்ட இன்னொரு மூங்கிலை அதே இடத்தில் இறக்கினேன். அது வழுக்கிக்கொண்டு மூன்று அடி போய் மணலில் ஊன்றியது. இடையிலிருந்த இரண்டே முக்கால் அடியும் தோல் ஷாப்பின் வண்டல்: சுண்ணாம்பு, கொழுப்பு, மாட்டு மயிர். தேய்மானம் வரக்கூடாதென்று நான் போட்ட கூர், மாதக்கணக்காக அந்த வண்டலைத் துளைத்துப்போய் அடிமணலைத் தொட்டு, அதையே தண்ணீர் என்று எனக்குச் சொல்லியிருந்தது. ஒரு சின்னப் பையன் மொட்டைக் குச்சியை விட்டு அளந்திருந்தால்கூட மணலுக்கு மேலே ஏதோ மெத்தென்று இருப்பது தெரிந்திருக்கும். என் கோல் அவ்வளவு நேர்த்தி.

மாசி ஞாயிறன்று ஒன்பது அடியில் தண்ணீர் ஆறேகால் அடிதான். ஒன்பது என்று நம்பி, மணல் எடுக்கக் கைகளை நீட்டி, முழு வேகத்தில் பாய்ந்த மனிதர் தோள்வரை வண்டலில் செருகியிருக்கிறார். இருபதில் வந்த குமிழிகள் அவர் மேலே வர முயன்றதன் அடையாளம்.

முதலில் ஷாப்புக்குப் போனேன். மேஸ்திரி வாசலில் பட்டைக் கட்டு எண்ணிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“இன்னா சார், காலங்காத்தால பேஜார் பண்றீங்க. ஷாப்பு தண்ணி ஆத்துல போவாம வானத்துலயா போவும்?”

“தண்ணி இல்ல, வண்டல். மூணு அடி நிக்குது. ஆள் செத்திருக்கு.”

“பாறை மேல ஒன்பது அடின்னு எழுதினது யாரு? நானா? என் ஆளுங்களே அந்த நம்பரப் பாத்துட்டுத்தான் எறங்குவானுங்க சார்.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உள்ளபடியே அதுதான் அவருடைய நியாயம். ஷாப்பைப்பற்றிச் சர்க்காருக்கு ஒரு மனு எழுதினேன். வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது.

பிறகு இரண்டு மூங்கில்களையும் நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனேன். படம் போட்டுக் காட்டினேன். ‘மூக்கு, வாய், காதுகளில் சேறு’ என்ற வரியைக் காட்டினேன். அவர் அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

“இதை அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?”

“நீங்க கேக்கல சாமி.”

சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட பதில் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. “நானும்தான் கேட்கவில்லை” என்றார். பங்குகளுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியாருக்கு அன்றே எழுதினார். எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார். தன்மேலிருந்த தவறை அதில் மறைக்கவில்லை.

ஆவணியில் பதில் வந்தது. இறந்தவர்மேல் குற்றமில்லை. பங்குப் புத்தகத்தில் மற்றவர்களைப்போல அவர் பெயரையும் எழுதலாம், அவருக்காகப் பூசை வைக்கலாம். ஆனால் புதைத்த உடலைத் தோண்டி எடுக்க வேண்டாம். இருக்கும் இடத்தையே மந்திரித்துவிடலாம்.

சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து, மண்டியிட்டுச் செபம் சொன்னார். உபதேசியார் கூடச் சேர்ந்து சொல்லமாட்டாமல் அழுதார். கலாசி தூரத்தில் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் எங்கள் வேதம் இல்லை, எங்கே நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. என் மனைவி மதிலின் மேல் ஒரு கையை வைத்தபடி நின்றாள். எல்லாம் முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன்: “அவர் பேர்ல இனிமே ஒரு குத்தமும் இல்ல. புஸ்தகத்துல எழுதிட்டாங்க.”

“அண்ணி உள்ள இருக்காங்க. அண்ணன் வெளிய இருக்கு,” என்றாள்.

“தோண்டக்கூடாதுன்னு மேலேர்ந்தே வந்துடுச்சி.”

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

“அன்னிக்கு சாமி கேட்டாரே, நிச்சயமாத் தெரியுமான்னு. தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

அவளுக்குத் தெரியும், பாய்வதற்கு முன் மச்சானும் என்னிடம் ஆழம் கேட்டார், நான் அதே எண்ணைச் சொன்னேன் என்று. கலாசி சொல்லியிருந்தான். அதைப்பற்றி அவள் கேட்கவில்லை. அதுவரை நான் பலவிதமாக யோசித்திருந்தேன்: பூண் போடாமல் இருந்திருந்தால், அறுபதிலேயே குதித்திருந்தால், சேற்றைச் சாமியாரிடம் சொல்லியிருந்தால் என்று. இப்படி ஒரு பதில் இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை. நான் அளந்த ஒன்றைப்பற்றித் தெரியாது என்று சொல்லலாம் என்பது என் புத்திக்கு எட்டாத விஷயமாக இருந்திருக்கிறது.

அதற்கு அடுத்த வருஷம் எனக்குக் காட்பாடிக்கு மாற்றல் ஆயிற்று. பத்து வருஷமாக ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். அவள் எனக்குச் சமைத்துப் போடுகிறாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காருகிறாள், ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. நேற்று மத்தியானம் நான் கூடத்தில் இருந்தேன். சுவர்க் கடியாரம் என் தலைக்கு மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது; அவள் இருந்த கொல்லைப்பக்கத்திலிருந்து அது தெரியாது. அவள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ரயில் கார்டு வீட்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

“ஏம்மா, மணி இன்னா ஆச்சி?”

“இன்னாக்கா, உங்க வூட்டுக்காரர் இருக்காரே, வெநாடி கணக்கா சொல்வாரு. எங்க வூட்டு கடியாரம் ஒரு நாளு ஓடும், ஒரு நாளு நிக்கும்.”

“பரவால்ல,” என்றாள் என் மனைவி. “நீ பாத்துச் சொல்லு.”